‘வி ஷல் ஓவர்கம்’: எது மூலப் பதிவு, 60 பேருக்கு எதை வைத்துச் சொல்லிக் கொடுப்பது?

#1 கோட்டை மேளம்

பிப்ரவரி 11 வருது. 1950-ல் சேலம் மத்திய சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட 22 கம்யூனிஸ்ட் கைதிகளின் நினைவு நாள். சாயங்காலக் கூட்டத்தில் 60 பேர் சேர்ந்து ‘வி ஷல் ஓவர்கம்’ங்கிற அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டப் பாட்டைப் பாடுறதாத் திட்டம். இங்கிலீஷில் ஒரு சரணம், தமிழில் ரெண்டு. ரெண்டு பறை, ஒரு ஆர்மோனியம், திறந்த வெளி.

இதுக்கு மூலப் பதிவு எது? அமெரிக்க நாட்டுப்பாடகர் பீட் சீகர் பாடினதுன்னு ஒருத்தர், பாடகி ஜோன் பயஸ்னு இன்னொருத்தர் சொல்றாங்க. 1963 வாஷிங்டன் உரிமைப் பேரணியில் சீகர் பாடின பதிவுதான் அசல்னு மூணாவது கட்சி.

அடுத்தது, அமெரிக்காவிலிருந்து வந்த சீகரின் கார்னகி ஹால் எல்பி கையில் இருக்கு. கூடவே வந்த 110 வோல்ட் டர்ன்டேபிளை ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டி கம்ப்யூட்டரில் ஏத்தினால், நெட்டில் கேட்கிற அதே பாட்டை விட மூணு அரைச்சுரம் இறங்கி, இழுவையா வருது. தட்டு வேற பதிப்பா, இல்ல மிஷின் கோளாறா?

தமிழ் வரி எப்படி வைக்கிறது, யூடியூபில் போட்டால் உரிமைப் பிரச்சினை வருமா, இதையும் சொல்லுங்க தோழர்களே.

#2 செவ்வாய்ப்பேட்டை 78

முதல்ல மிஷினை முடிச்சிடலாம், அது சுலபம். தட்டில் கோளாறு இல்லைங்க. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாத்தாது. பழைய அமெரிக்க டர்ன்டேபிளில் இருக்கிற ஏசி சிங்க்ரோனஸ் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ். அதனால ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுத்தும். 33⅓-க்குப் பதிலா 27.8 சுற்று. சுருதியில் கணக்குப் போட்டால் மூணு அரைச்சுரத்துக்குச் சற்றே கூட இறங்கும். நீங்க சொன்னது அப்படியே பொருந்துது.

நிரந்தர வழி, மோட்டார் தண்டில் இருக்கிற புல்லியை 50 ஹெர்ட்ஸ் புல்லியா மாத்துறது. விட்டம் 20 சதவீதம் பெருசா இருக்கணும். லேத்தில் பித்தளையில் கடையலாம், ஆனா துளை மையம் கொஞ்சம் விலகினாலும் சுருதி ஆடும். இப்போதைக்கு, ஏத்தின ஃபைலை ஆடாசிட்டியில் (ஒலியைத் திருத்துற சாஃப்ட்வேர்) திறந்து ‘சேஞ்ச் ஸ்பீட்’ (புதுப் பதிப்பில் ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’) போய் 1.200 குடுங்க. ‘சேஞ்ச் பிட்ச்’, ‘சேஞ்ச் டெம்போ’ ரெண்டையும் தொடாதீங்க. அது ஒண்ணை விட்டு ஒண்ணை மாத்தும், கைதட்டல் சத்தமெல்லாம் குழைஞ்சு போகும்.

வேகத்தைச் சரிபார்க்க ஸ்ட்ரோப் தட்டு (விளக்கடியில் சுத்தும்போது வேகம் சரியா இருந்தா கோடுகள் நிக்கிற மாதிரி தெரியும்) வாங்கினா 50 ஹெர்ட்ஸ் வளையம் இருக்கான்னு பாருங்க. 33⅓-க்கு 180 கோடு இருக்கணும். 216 கோடு இருந்தா அது 60 ஹெர்ட்ஸுக்கு. அதை நம்ம ஊர் விளக்கில் வைத்து நிக்க வச்சீங்கன்னா மறுபடி அதே 27.8-க்குத்தான் வந்து சேருவீங்க. எல்இடி பல்பும் ஆகாது, பல எல்இடி சீரா எரியும், கோடே தெரியாது. குண்டு பல்போ சோக் வைத்த டியூப்லைட்டோ வேணும்.

தட்டின் லேபிளைப் பார்த்துச் சொல்லுங்க, எந்த வருஷத்து அச்சுன்னு சொல்லிடலாம்.

#3 கோட்டை மேளம்

சிவப்பு லேபிள். ரெண்டு பக்கமும் கண் மாதிரி குறி. கீழே ‘கியாரன்டீட் ஹை ஃபிடலிட்டி’. சிஎல் 2101.

#4 செவ்வாய்ப்பேட்டை 78

முதல் அச்சு வகை. சிஎல் என்றால் மோனோ, இதே தட்டின் ஸ்டீரியோ எண் சிஎஸ் 8901. கொலம்பியா கம்பெனி 1962-லிருந்து 65 வரைக்கும் மோனோவுக்கு இந்த லேபிள்தான் ஒட்டியது. 65-க்கு அப்புறம் அச்சிட்டதில் இந்த வாசகம் மாறிடுச்சு. 70-க்கு மேல் வந்ததில் கண் குறியே கிடையாது, கம்பெனி பேர் தங்க எழுத்தில் விளிம்பைச் சுத்தி ஓடும். ஓட்டம் முடியற வழவழப்பான இடத்தில் எக்ஸ்எல்பி என்று தொடங்கும் எண் கீறியிருக்கும், அதுவும் மோனோவுக்கான அடையாளம்.

மோனோ தட்டை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டினா ரெண்டு சேனலையும் கூட்டி ஒண்ணாக்கிடுங்க. மோனோ பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கு. மேலும் கீழுமா வர்றது தூசும் தேய்மானமும். கூட்டும்போது அது ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போகும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஏத்துங்க, நிமிஷத்துக்கு சுமார் 35 எம்பி ஆகும். சத்தத்தின் உச்சி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். கூட்டம் சேர்ந்து பாடுற இடத்தில்தான் எகிறும், மட்டத்தை அங்க வச்சுப் பாருங்க.

#5 ஏற்காடு அடிவாரம்

ஏத்துறதுக்கு முன்னாடி கழுவுங்க. மலையில் இருந்து வந்த தட்டா இருந்தா கட்டாயம். ஜூலை முதல் நவம்பர் வரைக்கும் மூடுபனிக் காலத்தில் காத்தில் ஈரம் குறையாது. அட்டை உறையில் பூஞ்சை பிடிச்சு தட்டுக்கு இறங்கும். வெள்ளைப் புள்ளியா, கோலப்பொடி சிந்தின மாதிரி தெரியும். அதோட ஓட்டினா ஊசி அதைப் பள்ளத்துக்குள்ள அரைச்சுத் தள்ளும், பொரியிற சத்தம் அப்புறம் போகவே போகாது.

முகத்தில் துணி கட்டிக்கிட்டு வெளியில் வைத்து முதல்ல உலர் பிரஷ். பிறகு பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் 80 பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 20 பங்கு. பள்ளம் போற திசையிலேயே துடைங்க, குறுக்கே வேண்டாம். லேபிளில் ஈரம் படக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு தடவை. போர் தண்ணியில் கழுவினா உப்பு பள்ளத்தில் படியும். நிமிர்த்தி வச்சு அரை மணி நேரம் நிழலில் காயட்டும். பழைய உள்ளுறையைத் திரும்பப் போடாதீங்க, பூஞ்சை அதில்தான் இருக்கு.

ஒரு எச்சரிக்கை. 78 வேக அரக்குத் தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தட்டு அங்கேயே பாழ்.

#6 குகைக் குரல்

மூலப் பதிவு பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

இந்தப் பாட்டுக்கு மூலப் பதிவு என்று ஒன்றும் கிடையாது. தட்டில் ஏறுவதற்கு முன்பே இது பல வாய் மாறிவிட்டது. சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி என்ற கறுப்பினப் போதகர் ‘ஐல் ஓவர்கம் சம் டே’ என்ற துதிப்பாட்டை 1901-ல் அச்சிட்டார். சொல் அங்கிருந்து வந்திருக்கலாம், மெட்டு வேறு. மெட்டுக்கு நெருங்கியது ‘ஐல் பி ஆல்ரைட்’ என்ற தேவாலயப் பாட்டு. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பத்திரிகையில் 1909 பிப்ரவரியிலேயே, வேலைநிறுத்தக் கூட்டங்களை ‘வி வில் ஓவர்கம்’ பாடித் தொடங்கினோம் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது.

இன்று நாம் பாடுகிற வடிவத்துக்குத் திருப்புமுனை, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் அமெரிக்கன் டொபாக்கோ சுருட்டு ஆலையில் 1945 அக்டோபரில் தொடங்கிய வேலைநிறுத்தம். மறியலில் நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். அவர்களில் லூசில் சிம்மன்ஸ் என்பவர் இதை மிக மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்துப் பாடுவார். டென்னசியில் ஹைலேண்டர் என்ற தொழிலாளர் பள்ளிக்கு அவர்கள் வந்தபோது அங்கே பாட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஜில்ஃபியா ஹார்ட்டன் கற்றுக்கொண்டார். 1947-ல் அவரிடமிருந்து சீகர் கற்றார். 1948 செப்டம்பரில் ‘பீப்பிள்ஸ் சாங்ஸ்’ இதழில் ‘வி வில் ஓவர்கம்’ என்ற தலைப்பில் அச்சானது.

தட்டுகள் அதற்குப் பிறகுதான். 1950-ல் ஜோ கிளேஸர், எல்ம் சிட்டி ஃபோர் குழுவுடன் சிஐஓ தொழிற்சங்கம் வெளியிட்ட 8 பாட்டு ஆல்பத்தில் பாடினார், அதிலும் ‘வில்’தான். 1952-ல் லாரா டங்கன் ஹூட்டனானி ரெக்கார்ட்ஸில் பாடினார். சிம்மன்ஸின் குரல் தட்டில் ஏறாமலே போனது. அதனால் ‘முதல் தட்டு எது’ என்று கேட்டால் பதில் உண்டு, ‘மூலம் எது’ என்று கேட்டால் மறியல் வாசலில் நின்ற அந்தப் பெண்களைத்தான் காட்ட வேண்டும்.

‘ஷல்’ வந்தது சீகர் வழியாக என்பார்கள். ஹைலேண்டரில் கல்விப் பொறுப்பில் இருந்த செப்டிமா கிளார்க்காகவும் இருக்கலாம் என்று சீகரே சொல்லியிருக்கிறார். காரணம் முழுக்கப் பாடுகிறவனின் காரணம். ‘வில்’ என்பதில் இகரம் வாயை இறுக்கும், ‘ஷல்’ வாயைத் திறந்துவிடும். அறுபது பேர் பாடும்போது அந்த ஒரு உயிரெழுத்து சத்தத்தின் அளவையே மாற்றிவிடும்.

#7 அம்மாப்பேட்டை தறி

குகை அண்ணா சொன்னதோடு தாளம் சேர்க்கணும். பறைக்கு அதுதான் முக்கியம்.

சீகர் ஆரம்பத்தில் பாஞ்சோவில் தடதடன்னு ஓடவிட்டுப் பாடியவர். மெதுவா, ஒரு அடியை மூணாப் பிரிச்சுப் பாடுற பாணி ஃப்ராங்க் ஹாமில்டன், கை காரவன் என்ற ரெண்டு பாடகர்கள் வழியா வந்தது. காரவன் 1959-ல் ஹைலேண்டரில் ஹார்ட்டன் இருந்த பொறுப்புக்கு வந்தார். 1960 ஏப்ரலில் ராலியில் கறுப்பின உரிமைக்காகப் போராடின மாணவர் ஒருங்கிணைப்புக் குழு தொடங்கின மாநாட்டில் அவர் எடுத்துக் குடுத்ததும் பாட்டு தெற்கு முழுக்கப் பரவிடுச்சு. அந்த மாணவர்கள் இன்னும் மெதுவாக்கி, சர்ச் பாணிக்கே திருப்பிக் கொண்டு போனாங்க. ஒரு விதத்தில் சிம்மன்ஸ் பாடின பக்கம் திரும்பினதுதான்.

நம்ம கணக்கில் இது திஸ்ர நடை. நாலு அடி, அடிக்கு மூணு, ‘தகிட தகிட’. பறைக்காரங்க பழக்கத்தில் நாலாப் பிரிச்சு அடிச்சா பாட்டு நடைபயணப் பாட்டாயிடும், இழுத்துப் பாட இடம் இருக்காது. வேகம் நிமிஷத்துக்கு 60-லிருந்து 66 அடி. 60 பேர் சேர்ந்தா எப்பவும் இழுவை விழும், மூணாவது சரணத்தில் 50-க்கு வந்துடும். அதைப் பாடுறவங்களால் பிடிக்க முடியாது. ஒரு பறை மட்டும் அடியின் முதல் எண்ணிக்கையை விடாமல் போடட்டும், இன்னொண்ணு நிரப்பட்டும். ரெண்டும் நிரப்பினா யார் கையில் தாளம்னு தெரியாமப் போகும்.

#8 ஆத்தூர் ஆர்மோனியம்

சுருதிக்கு என் கணக்கு. முதல் வரி சங்கராபரணத்தில் ப ப த த ப ம க. மூணாவது வரி மேல் ரிஷபத்தைத் தொடும், கடைசி வரி மத்திய ஸட்ஜத்தில் இறங்கி நிக்கும். எட்டு சுரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் எல்லை. பாடத் தெரியாதவங்களும் பாட முடியுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

1 கட்டையில் (ஸி சுருதி) எடுத்தா ஆண்களுக்கு வசதி. பெண்கள் மேல் ஸ்தாயியில் பாடும்போது அந்த ரிஷபத்தில் பயிற்சி இல்லாத குரல் கத்தலாயிடும். 6 கட்டையில் (ஏ சுருதி) எடுங்க. பெண்களுக்குச் சரியா விழும், ஆண்களுக்கு அடி ஸ்தாயியில் கடைசி ஸட்ஜம் மட்டும் கொஞ்சம் கனக்கும், அது பரவாயில்லை. கார்டு பிடிக்கிற கிட்டார் யாராவது வந்தா 1 கட்டைக் கணக்கில் முதல் ரெண்டு வரிக்கும் ஸி, எஃப், ஸி. மூணாவது வரியில் ஜி-க்குப் போறதுக்கு முன்னாடி டி செவன் வரும், அங்கதான் தீவிர மத்யமம் எட்டிப் பார்க்கும். ஆர்மோனியக்காரர் அதைத் தப்புன்னு நினைச்சு சுத்த மத்யமத்தைப் பிடிச்சா ரெண்டும் மோதும். முன்கூட்டியே சொல்லி வைங்க.

#9 கோட்டை மேளம்

ரொம்ப நன்றி. 1.200 குடுத்ததும் நெட்டில் இருக்கிறதோட சுருதி சேர்ந்துடுச்சு. அப்போ பயிற்சிக்கு எந்தப் பதிவைப் போட்டுக் காட்டலாம்? வாஷிங்டன் பேரணிப் பதிவா?

#10 குகைக் குரல்

முதலில் ஒரு திருத்தம். 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியில் இதைப் பாட வைத்தவர் ஜோன் பயஸ். சீகர் அன்று அமெரிக்காவிலேயே இல்லை. அந்த மாதம்தான் குடும்பத்தோடு உலகப் பயணம் கிளம்பியிருந்தார், இந்தியாவும் அந்தப் பயணத்தில் உண்டு. உங்கள் தட்டில் இருப்பது அதற்கு முன் ஜூன் 8 அன்று கார்னகி ஹாலில் நடந்த கச்சேரி. பயஸின் தட்டு அலபாமாவில், பர்மிங்காமின் மைல்ஸ் கல்லூரியில் அதே ஆண்டு நேரடியாகப் பதிந்தது.

பயிற்சிக்கு என் தேர்வு இவை எதுவும் இல்லை. 1961-ல் ஃபோக்வேஸ் கம்பெனி வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் த ஃப்ரீடம் ரைடர்ஸ் அண்ட் த சிட்-இன்ஸ்’. மான்ட்கோமெரி காஸ்பல் டிரியோ, நாஷ்வில் குவார்ட்டெட், காரவன் பாடியது. போராட்டத்தில் இருந்தவர்களே பாடியிருக்கிறார்கள், குரல்கள் எப்படிப் பிரிந்து சேர்கின்றன என்று காதில் விழும். சீகர் தட்டை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள். கூட்டத்தை எப்படிப் பாட வைப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. அடுத்த சரணத்தின் சொல்லை, முந்தைய வரியின் இழுவை அடங்குவதற்குள் பேச்சாக எடுத்துக் கொடுப்பார். யாரும் தாள் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் முன்பாடகர் இதை மட்டும் பழகினால் போதும். எடுத்துக் கொடுப்பது நாலாவது அடிக்குள் முடிய வேண்டும். தாமதித்தால் பாதிப் பேர் பழைய சரணத்தையே திரும்பப் பாடுவார்கள்.

‘வி ஆர் நாட் அஃப்ரெய்ட்’ சரணத்தை விடாதீர்கள். 1959-ல் ஹைலேண்டரில் போலீஸ் சோதனை நடந்த இரவில், இருட்டில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் பாடியதிலிருந்து அந்தச் சரணம் வந்தது. ஜமிலா ஜோன்ஸ் என்ற பள்ளி மாணவி தொடங்கி வைத்தார். சிறைச் சாவு நினைவு நாளில் அதைவிடப் பொருத்தமான சரணம் எது?

#11 அம்மாப்பேட்டை தறி

தமிழ் வரிக்கு வருவோம். ‘நாங்கள் வெல்வோம்’னு எழுதி வச்சிருப்பீங்க, எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க. எண்ணிப் பாருங்க: நாங்-கள்-வெல்-வோம், நாலு அசை. மெட்டுக்கு அஞ்சு வேணும். நாலாவதை இழுத்து ஒப்பேத்தினா தாளம் நொண்டும்.

‘நாம் வென்றே தீர்வோம்’ வைங்க. நாம் (ப), வென் (ப), றே (த), தீர் (த), வோம் (ப ம க). இழுவை ஓகாரத்தில் விழுது, வாய் திறந்தே இருக்கும். ‘ம்’மை க-வின் கடைசியில்தான் மூடணும். ப-விலேயே உதட்டை மூடிட்டா 60 பேரும் முனகுற மாதிரி ஆயிடும். பயிற்சியில் ‘ம்’மை எடுத்துட்டு ‘தீர்வோ’ன்னு பாட வச்சுப் பழக்குங்க, கடைசியில் சேர்த்துக்கலாம். மூணாவது வரிக்கு ‘ஓர் நாள்’.

#12 ஆத்தூர் ஆர்மோனியம்

‘ஓர்’ உயிரெழுத்துக்கு முன்னாடிதான் வரணும் தம்பி. ‘ஒரு நாள்’தான் சரி. ஒரு சுரத்தை ரெண்டாப் பிரிச்சா ‘ஒரு’ அடங்கிடும். திஸ்ர நடையில் ‘ஒ’வுக்கு ரெண்டு, ‘ரு’வுக்கு ஒண்ணு, ஓடிப் போகாமல் நிக்கும்.

#13 குகைக் குரல்

‘நாங்கள்’ வேண்டாம், ‘நாம்’ வேண்டும் என்பதற்கு அசை மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. ‘ஐ’ என்று இருந்தது ‘வி’ ஆனது இந்தப் பாட்டின் பெரிய மாற்றம். அதில் எல்லோருக்கும் சம்மதம் இருந்ததில்லை. ஃப்ரீடம் சிங்கர்ஸ் குழுவின் பெர்னிஸ் ஜான்சன் ரீகன் சொன்னது முக்கியம்: வெள்ளை இடதுசாரிகள் கூட்டத்தைக் குறிக்க ‘வி’ சொல்ல வேண்டும் என்று நினைத்தார்கள், கறுப்பினச் சமூகத்தில் கூட்டத்தைக் குறிக்க ‘ஐ’ சொல்ல வேண்டும். ‘வி’ என்றால் நான் வருவேனா மாட்டேனா என்பது தெரியாது, ‘ஐ’ என்றால் நான் வந்தாயிற்று.

இங்கிலீஷில் ஒரே ‘வி’. தமிழில் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ‘நாங்கள்’ என்றால் கேட்கிறவரை வெளியே நிறுத்திவிட்டுப் பாடுகிறோம். எதிரியைப் பார்த்துப் பாடும் மறியலில் அது சரி. நினைவு நாளில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நம்மவர், அங்கே ‘நாம்’. பயம் இல்லை என்ற சரணத்தில் மட்டும் ‘எனக்குப் பயமில்லை’ என்று ஒருமையில் வைத்துப் பாருங்கள். ரீகன் சொன்னது அறுபது குரலில் புரியும்.

#14 செவ்வாய்ப்பேட்டை 78

உரிமை விஷயம். பாட்டுக்கு 1960-லும் 63-லும் லட்லோ மியூசிக் என்ற பாட்டு வெளியீட்டுக் கம்பெனி உரிமை பதிவு பண்ணியது, ஹார்ட்டன், ஹாமில்டன், காரவன், சீகர் நாலு பேர் பேரில். ராயல்டி ஹைலேண்டர் வழியா ஒரு நிதிக்குப் போச்சு. 2016-ல் வழக்கு வந்து, 2017 செப்டம்பரில் நீதிபதி முதல் சரணத்துக்கு உரிமை செல்லாதுன்னார். ‘வில்’லை ‘ஷல்’ ஆக்கினதும், ‘டவுன் இன் மை ஹார்ட்’டை ‘டீப்’ ஆக்கினதும் புதுப் படைப்புன்னு சொல்லும் அளவுக்கு இல்லைன்னு தீர்ப்பு. 2018 ஜனவரியில் சமரசமாகி கம்பெனி உரிமைகோரலை விட்டுடுச்சு. ஆக, நீங்க பாடலாம், மொழிபெயர்க்கலாம், யூடியூபிலும் போடலாம்.

தட்டில் இருக்கிற பதிவு வேற கணக்கு. நம்ம சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1963 தட்டுக்கு 2023 டிசம்பரோட முடிஞ்சுது. அமெரிக்காவில் அப்படி இல்லை, 1957 முதல் 1972 பிப்ரவரி 15-க்கு முன் வந்த பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரைக்கும் காப்பு இருக்கு. அதனால சீகர் குரலைப் பின்னணியில் ஒட்டி ஏத்தினா யூடியூபில் உரிமைக் குறி விழும். உங்க 60 பேர் குரலை மட்டும் போடுங்க.

#15 கோட்டை மேளம்

‘நாம் வென்றே தீர்வோம்’, ‘ஒரு நாள்’, ‘எனக்குப் பயமில்லை’, 6 கட்டை, திஸ்ரம். எழுதிக்கிட்டேன். கை கோக்கிறது எப்படி? மைக் எங்க வைக்கட்டும்?

#16 அம்மாப்பேட்டை தறி

வலது கையை இடது கைக்கு மேல குறுக்கே போட்டு, பக்கத்தில் இருக்கிறவங்க கையைப் பிடிக்கணும். எல்லாரும் ஒரே மாதிரி வலது மேல வைக்கலைன்னா நடுவில் கை சிக்கும். ஆட்டம் அடியின் முதல் எண்ணிக்கையில், இடது பக்கம் தொடங்கி. அப்புறம் ஒண்ணு, கை கோத்தவங்க தாள் பிடிக்க முடியாது, அதனால மனப்பாடம் ஆகணும்.

மைக் முன்பாடகருக்கு ஒண்ணு, ஆர்மோனியத்துக்கு ஒண்ணு. 60 பேருக்கு மைக் வைக்காதீங்க, பெட்டியில் வர்ற சத்தம் பின்வரிசைக்குத் தாமதமாப் போய் அவங்க பின்தங்குவாங்க. அதே காரணத்துக்காக பறை ரெண்டும் மைக் இல்லாமல் நடு வரிசையில் நிக்கட்டும். தோல் பறைன்னா பாட்டுக்கு முன்னாடி காய்ச்சி இறுக்கிடுங்க. மெதுவான திஸ்ரத்தில் தளர்ந்த தோல் ‘தொப்’புன்னு விழும், முதல் எண்ணிக்கை பின்வரிசைக்குக் கேட்காது.